நாலாம் நம்பரை விட்டு நகராதவர்கள்: வாலிபால் மைதானத்தில் 48 வருஷம் பார்த்த தவறுகள்

வலது முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நேற்று மாலை செய்த ஒரு மடத்தனத்துக்கான கூலி அது. வயது 62.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம், தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டின் ஓரம். 1977-ல், எனக்குப் பதினாலு வயதில், பனந்தடி இரண்டை நட்டு, பழைய மீன்வலையைக் கயிற்றில் கோத்து நெட்டாகக் கட்டி, செம்மணலில் கோடு கிழித்து ஆடத் தொடங்கினோம். கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்காத நாளில் அடுப்புச் சாம்பல். நான் மாநில அணிக்கெல்லாம் ஆடியவன் இல்லை. மாவட்ட அளவில் இரண்டு முறை. மற்றபடி கோயில் கொடை விழா மேட்ச், பொங்கல் டோர்னமென்ட், எவர்சில்வர் குடம் பரிசு, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் பூச்சியைத் தட்டிக்கொண்டே பைனல். அவ்வளவுதான் என் வரலாறு.

என்னோடு தொடங்கியவர்கள் பதினொரு பேர். இன்று மைதானத்துக்கு வருவது நானும், விசில் ஊத வரும் இன்னொருவரும்தான். மற்றவர்களை வயசுதான் வீட்டுக்கு அனுப்பியது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒவ்வொருவரும் எந்த நாளில், எதனால் நின்றார்கள் என்று என்னால் சொல்ல முடியும். கணுக்கால் ஒருவர், குதிகால் நரம்பு ஒருவர், நெஞ்சு ஒருவர். ஆனால் அதிகம் பேரை நிறுத்தியது வீம்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எல்லோரும் ஷூட்டர்

ஊர் வாலிபாலில் ஷூட்டர்தான் ராஜா. நாலாம் நம்பர் இடத்தில், நெட்டுக்கு இடது ஓரம் நின்று, எகிறி அடிப்பவன். கூட்டம் அவன் பெயரைத்தான் கத்தும். அவனுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் லிஃப்டரின் பெயர் பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரியாது. 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வாங்கிய சமயம், எங்கள் மைதானத்தில் ஆடிய அத்தனை பேரும் அந்த அணியின் பெரிய ஷூட்டர் ஜிம்மி ஜார்ஜ் ஆகிவிட்டார்கள். ஆனால் ஜிம்மி ஜார்ஜுக்கும் யாரோ பந்து தூக்கிக் கொடுத்திருக்க வேண்டுமே, அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

எகிறும் உயரம் முப்பது வயது தாண்டியதும் குறையத் தொடங்கும். ஒரே நாளில் குறையாது, அதனால்தான் தெரிவதில்லை. நெட்டுக்கு மேலே ஒரு முழம் போன கை ஒரு சாணாகும், பிறகு நாலு விரலாகும். பந்து நெட்டில் போய் விழ ஆரம்பிக்கும்போது ஷூட்டர் என்ன செய்வான்? லிஃப்டரைத் திட்டுவான். "ஏல, பந்த ஒழுங்கா தூக்கிப் போடத் தெரியாதால?" என்று நான் திட்டிய பையன்களை இப்போது பார்த்தாலும் கூச்சமாக இருக்கிறது. இப்படியே நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டு, ஒருநாள் இளவட்டம் ஒருவன் நெட்டுக்கு மேலே கையை உயர்த்தித் தடுக்கும் பிளாக்கில் பந்தை முகத்துக்கு நேரே திருப்பி அடித்ததும், "நம்ம காலம் முடிஞ்சுபோச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். என் செட்டில் ஐந்து பேர் இப்படித்தான் போனார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்கள்.

நான் தப்பியதற்கு என் புத்தி காரணமில்லை. 1996-ல் எங்கள் லிஃப்டர் சவூதி போய்விட்டான். வேறு ஆள் இல்லாததால் 33 வயதில் என்னை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். தண்டனை மாதிரிதான் ஏற்றுக்கொண்டேன். பத்து விரலும் பந்தைத் தொட வேண்டும், உள்ளங்கை படக் கூடாது, பந்துக்கு அடியில் நாம் முதலில் போய் நிற்க வேண்டும், நெற்றிக்கு மேலே வைத்து எடுக்க வேண்டும். இதைக் கை பழக இரண்டு வருஷம் ஆனது. இருபதில் பழகியிருந்தால் இரண்டு மாதம்.

ஆகவே இளவயதில் ஆடுகிறவர்களுக்கு: வாரத்தில் ஒரு நாளாவது உங்களுக்குப் பிடிக்காத இடத்தில் ஆடுங்கள். எதிரணியின் சர்வீஸை வாங்கி எடுக்கும் பிக்கப் பழகுங்கள். கையை முறுக்கி வீசாமல், முன்கையைச் சேர்த்துப் பலகை மாதிரி வைத்து, முழங்காலை மடக்கி வாங்குவது. குதிக்காமல் போடும் மிதக்கும் சர்வீஸும் அப்படித்தான். பந்தின் நடுவில் உள்ளங்கையால் அடித்து, அடித்த கையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பந்து சுழலாமல் போனால் காற்றில் தள்ளாடும். எந்தப் பக்கம் இறங்கும் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. தேரிக் காற்றில் இன்னும் மோசம். இந்த வயதிலும் அந்த ஒரு சர்வீஸை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பையன்களைத் திணற வைக்கிறேன்.

பத்தே நாளில் எழுந்து ஆடியவன்

1987 சித்திரையில் ஒரு அரையிறுதி. நான் அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது, எதிரணிக்காரனின் பாதம் நெட்டுக்கு அடியில் என் பக்கம் வந்திருந்தது. அதன் மேல் இறங்கினேன். 'சடக்' என்று ஒரு சத்தம். கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. "ஒண்ணுமில்லல, எந்திச்சு ஓடு, ரத்தம் ஓடுனா சரியாயிரும்" என்று ஒரு அண்ணாச்சி சொன்னார். ஓடினேன். ராத்திரி கணுக்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் காலையில் சூடாக எண்ணெய் போட்டு நீவி, இழுத்துவிட்டு, இறுக்கக் கட்டினார்கள். பத்தாம் நாள் பைனல் ஆடினேன். ஜெயித்தோம் என்பதுதான் இதில் மோசமான விஷயம், ஏனென்றால் அதற்குப் பிறகு பல வருஷம் இதையே எல்லோருக்கும் வைத்தியமாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கணுக்கால் பிறகு ஆறேழு தடவை பிசகியது. இன்றும் மேடுபள்ளத்தில் நடந்தால் தானாகப் புரளும்.

வாலிபாலில் திடீரென்று ஏற்படும் காயங்களில் அதிகம் நடப்பது இதுதான்: நெட்டுக்கு அருகே, இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்குவது. எலும்பை எலும்போடு பிணைக்கும் வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டோ கிழிந்தோ போகும். அது ஆற வாரக்கணக்கில் ஆகும். நன்றாகக் கிழிந்திருந்தால் மாதக்கணக்கு. வலி போய்விட்டது என்பதற்காக நார் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது.

பிசகிய உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து இருபது நிமிஷம், கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது. முதல் இரண்டு மூன்று நாள் சூடு, எண்ணெய், நீவல் எதுவும் கூடாது; உள்ளே கசிகிற ரத்தத்தை அது கூட்டும். நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டை எலும்பின் நுனியை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்பு நீவிக் கட்டும் நாட்டு வைத்தியர்களான ஆசான்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, என் தோளைச் சரியாக்கியவர் ஒரு ஆசான்தான். ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் எந்தக் கையும் அந்தக் காலை இழுக்கக் கூடாது.

வீக்கம் வற்றிய பிறகு செய்ய வேண்டிய ஒன்றை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒற்றைக் காலில் நிற்பது. பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். கணுக்கால் தன் இடத்தைத் தானே உணரும் திறமை காயத்தோடு போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவருவது இப்படித்தான். ஒற்றைக் காலில் பத்துத் தடவை வலியில்லாமல் குதிக்க முடியும்வரை மைதானத்துக்குப் போக வேண்டாம். பைனலாக இருந்தாலும்.

விரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்து நுனியில் பட்டு விரல் மடங்கினால், பக்கத்தில் நிற்பவன் ஓடிவந்து சொடக்கு எடுப்பது போல அதைப் பிடித்து இழுப்பான். எல்லா ஊர் மைதானத்திலும் உள்ள வழக்கம் இது. செய்யவே கூடாது. நுனிக் கணு கீழே தொங்கி, தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் உள்ளே நார் அறுந்திருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரம் நிமிர்த்தியபடியே கட்டு போட்டு, ஒருநாள்கூடக் கழற்றாமல் வைத்தால் கூடிவிடும். என் வலது மோதிர விரல் கூடவில்லை. மோதிரமும் போட முடிவதில்லை. என் மனைவிக்கு இது பற்றி இன்னும் புகார் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள்

வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபின் தினசரி ஆட்டம் வாரம் ஒருநாள் ஆட்டமாகிறது. உடம்பு ஆறு நாள் நாற்காலியில். ஏழாம் நாள் பைக்கை நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டே கோர்ட்டுக்குள் வந்து முதல் பந்தையே எகிறி அடிப்பது.

எங்கள் செட்டில் ஒருவருக்கு அப்போது 44 வயது. பந்தை எடுக்க முன்னால் பாய்ந்தவர் அப்படியே விழுந்தார். எழுந்து உட்கார்ந்து, "எவம்ல பின்னால மிதிச்சது?" என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமே இல்லை. குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய நரம்பு, சரியாகச் சொன்னால் கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார், அறுந்திருந்தது. யாரோ உதைத்தது போலவோ கல் எறிந்தது போலவோ தோன்றுவதுதான் இதன் அடையாளம். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ள, எப்போதாவது ஆடுகிற ஆண்களுக்கு அதிகம் வருவது. நாங்கள் சதைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம். மூன்று வாரம் போயிற்று. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அவரால் இன்று நுனிக்காலில் நிற்க முடியாது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அடிபட்டவரைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைச் சதையைக் கையால் அமுக்குங்கள். நார் நன்றாக இருந்தால் பாதம், நுனிக்காலில் நிற்கும்போது நீள்வது போல, தானாக அசையும். அசையாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வராமல் தடுக்க வாரத்தின் நடுவில் மூன்று நாள் வீட்டுப் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். ஆடும் நாளில் பத்து நிமிஷமாவது மெல்ல ஓடி, கை சுழற்றி, சின்னச் சின்னதாகக் குதித்து உடம்பில் வியர்வை வந்த பிறகே பந்தைத் தொட வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி, வந்ததும் குனிந்து காலைத் தொட்டு அப்படியே அரை நிமிஷம் நிற்பதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு செய்யலாம். குளிர்ந்த உடம்போடு முதலில் செய்தால் குதிப்பு கொஞ்சம் குறையவே செய்யும்.

ஷூ விஷயத்தில் நான் ரொம்பக் கறார் இல்லை. மணலில் வெறுங்கால் நல்லதுதான். சிமெண்ட் தரையில் வெறுங்கால் கூடாது, அவ்வளவே. ஓடுவதற்கென்று விற்கும் தடித்த குதிகால் ஷூவை மட்டும் தவிருங்கள். அது நேராக ஓட ஏற்றது. பக்கவாட்டில் பாயும்போது காலைக் கவிழ்த்துவிடும்.

மேட்சுக்கு முன்னால் வலி மாத்திரை போடும் பழக்கம் வேறு. டைக்ளோபினாக் ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு மேட்ச் ஆடுவோம், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல். வியர்த்து வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வலி இருந்தால் அன்றைக்கு ஆட வேண்டாம்.

வாயு என்று சொன்னவர்

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

அவருக்கு 51. எங்களில் நல்ல உடல்கட்டு உள்ளவர், பீடி மட்டும் உண்டு. இரண்டாவது செட் நடுவில், "நெஞ்சு கரிக்கு, மத்தியானம் தின்னது வாயு" என்று சொல்லிவிட்டுப் பனைமூட்டில் போய் உட்கார்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எல்லோருக்கும்தான் வியர்த்திருந்தது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பையனை அனுப்பிச் சோடா வாங்கி வரச் சொன்னோம். ஏப்பம் விட்டார். "இப்பம் தேவல" என்றார். தானே பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாங்கள் மூன்றாவது செட்டை ஆடி முடித்தோம். நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது.

நடுநெஞ்சில் கல்லை வைத்தது போன்ற பாரம், இடது கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, மேல்வயிற்றில் எரிச்சல், குளிர்ந்த வியர்வை. இதில் எது வந்தாலும், நாற்பது தாண்டியவர் என்றால், அது வாயுதான் என்று ஆஸ்பத்திரியில் தெரியும்வரை மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடவே விடாதீர்கள், 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தப்பி மூச்சும் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் அடுக்கி வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிஷத்துக்கு நூறுக்கும் நூற்றிருபதுக்கும் இடையே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி வரும்வரை. எங்கள் பையன்கள் எட்டுப் பேர் இதைப் பழகியிருக்கிறார்கள்.

நாற்பதுக்கு மேல் ஆடுகிறவர்கள் வருஷம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். ஓடும்போது இதயம் எப்படி இருக்கிறது என்பதை அது முழுதும் சொல்லாது. டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சில்லறைத் தவறுகள்

புது விதியைப் பழிப்பது. எங்கள் காலத்தில் சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. ஒரு செட் பதினைந்து புள்ளிக்கு ஒரு மணி நேரம்கூட இழுக்கும். 1990-களின் கடைசியில் உலக சம்மேளனம் அதை மாற்றி, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, செட்டுக்கு 25 என்று கொண்டுவந்தது. லிபரோ என்று வேறு நிறச் சட்டையில் ஒரு ஆள் வந்தான்: பிக்கப் மட்டும் எடுப்பான், உயரம் தேவையில்லை. "இது வாலிபாலே இல்ல" என்று பத்து வருஷம் முணுமுணுத்தோம். அந்த விதிதான் என் போன்ற குட்டையான, வயதான ஆட்களுக்கென்றே செய்தது போல இருந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

சான்றிதழைப் பேணாதது. தாமிரபரணியில் வெள்ளம் வந்த 1992-ல் ஆத்தூர்ப் பக்கத்து நண்பன் ஒருவனுடைய டிரங்குப் பெட்டியோடு அவன் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழும் போய்விட்டது. நகல் இல்லை. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் நாட்டுக்கு, மாநிலத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு, மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியதற்கெனத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. அவற்றில் அதற்குரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். வீட்டில் அடுக்கியிருக்கும் இருபது கொடை விழாக் கோப்பைக்கு அங்கே மதிப்பில்லை. பிள்ளைகள் ஆடினால் எந்தப் போட்டி கணக்கில் வரும் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நடுவரோடு சண்டை போடுவது பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. விட்டுவிடுகிறேன்.

19 சென்டிமீட்டர்

நாற்பது வருஷமாக எங்கள் மைதானத்தில் ஒரு பெண்கூட ஆடியதில்லை. யாரும் தடுக்கவில்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். யாரும் கூப்பிடவும் இல்லை. என் தங்கை பள்ளிக்கூட அணியில் ஆடியவள், என்னைவிட நல்ல பிக்கப். அவள் வீட்டுக்கு வந்தால் மைதானத்துக்குப் பால் டீ கொடுத்துவிடுவாள். அந்தத் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, "ஒரு செட் ஆடுதியா?" என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. என் கணுக்காலையும் விரலையும்விட எனக்கு வலிக்கிற தவறு இது.

ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர். பெண்களுக்கு 2.24. பத்தொன்பது சென்டிமீட்டர் இறக்கிக் கட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகாது; பனந்தடியில் இன்னொரு கொக்கி அடித்தால் போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அடித்தோம். இப்போது மாலை நாலரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள், தங்கை பேத்தி உட்பட. நான்தான் அவர்களுக்கு லிஃப்டர். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வாரம் வேறு இடத்தில் ஆட வேண்டும் என்பது என் கண்டிஷன். ஆறு மணிக்குப் பையன்கள் வந்து நெட்டை ஏற்றிக் கட்டுவார்கள்.

நெட் இறங்கியிருக்கும்போது எனக்கும் கை விளிம்புக்கு மேலே போகிறது. நேற்று தங்கை பேத்தி ஒரு பந்தை அருமையாகத் தூக்கினாள், சரியாக நாலாம் நம்பருக்கு. அங்கே யாரும் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். குதித்துவிட்டேன்.

பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. ஐஸ் இன்னும் பத்து நிமிஷம் வைக்க வேண்டும்.